ஈரோட்டிலிருந்து மதுரைக்கு எத்தனை வழி? அண்டை அணி எண்ணுவதும் எண்ணாததும்

ஈரோட்டிலிருந்து மதுரைக்கு ரயிலில் போக எத்தனை வழி? ஈரோடு, கரூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்ற ஐந்து ஊர்களை மட்டும் காட்டும் வரைபடத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால், கரூர், திண்டுக்கல் வழியாக நேராக ஒன்று. கரூரிலிருந்து திருச்சி போய், அங்கிருந்து திண்டுக்கல் வந்து மதுரையைப் பிடிப்பது இன்னொன்று. ஆக இரண்டு. இதே கேள்வியை அணிப் பெருக்கலிடம் (matrix multiplication) கொடுத்தால், இந்த இரண்டையும் சொல்லிவிட்டு, ஐந்து அடியில் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்வது ஓர் அடி) போக இன்னும் ஐந்து வழி இருப்பதாகச் சொல்கிறது. விரலுக்கு அந்த ஐந்தில் ஒன்றுகூட அகப்படுவதில்லை.

கோட்டுருவியல் (graph theory) படிக்கும் மாணவர்களும், கணினி நிரலில் இதைப் பயன்படுத்தப் பார்ப்பவர்களும் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான். அணி தப்பாக எண்ணவில்லை, நாம் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்விக்குச் சரியான விடையைச் சொல்கிறது. அந்தப் பக்கத்துக் கேள்வி என்ன, அது எங்கெல்லாம் உண்மையிலேயே நமக்கு வேண்டிய கேள்வியாக இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

1. கோட்டுரு: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். புள்ளிக்கு முனை என்றும் கோட்டுக்கு விளிம்பு என்றும் பெயர். ஊரும் ரயில் பாதையும், ஆளும் நட்பும், இயந்திரத்தின் நிலையும் நிலைமாற்றமும், எல்லாமே கோட்டுருவாகும்.
2. அணி: எண்களை நிரையாகவும் (படுக்கை வரிசை) நிரலாகவும் (செங்குத்து வரிசை) அடுக்கிய கட்டம். இலங்கைப் பாடநூல்களில் இதற்குத் தாயம் என்று பெயர்.
3. அண்டை அணி: ஒவ்வொரு முனைக்கும் ஒரு நிரை, ஒரு நிரல். இரண்டு முனைகளுக்கு நடுவே நேரடி இணைப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.
4. நடை: விளிம்பு விளிம்பாக நகர்ந்துகொண்டே போவது. போன இடத்துக்கே திரும்பி வரலாம். ஒரு விளிம்பைக் கடப்பது ஓர் அடி.
5. பாதை: எந்த முனையையும் இரண்டாம் முறை தொடாத நடை.

கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம். பேச்சில் இரண்டையும் 'வழி' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## ஐந்து ஊர், ஓர் அட்டவணை

தெற்கு ரயில்வேயின் வரைபடத்திலிருந்து ஐந்து ஊர்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம். திருச்சி–கரூர், கரூர்–ஈரோடு, கரூர்–திண்டுக்கல், திருச்சி–திண்டுக்கல், திண்டுக்கல்–மதுரை ஆகிய ஐந்து இணைப்புகள். பழனி, நாமக்கல், தஞ்சாவூர், மானாமதுரை பக்கம் போகும் கிளைகளை விட்டுவிடுவோம். இதன் அண்டை அணியை 'அ' என்று வைத்துக்கொள்ளலாம்.

| | திருச்சி | கரூர் | திண்டுக்கல் | ஈரோடு | மதுரை |
|---|---|---|---|---|---|
| திருச்சி | 0 | 1 | 1 | 0 | 0 |
| கரூர் | 1 | 0 | 1 | 1 | 0 |
| திண்டுக்கல் | 1 | 1 | 0 | 0 | 1 |
| ஈரோடு | 0 | 1 | 0 | 0 | 0 |
| மதுரை | 0 | 0 | 1 | 0 | 0 |

இந்த அணியை அதனாலேயே பெருக்கினால் கிடைப்பது அ²:

| | திருச்சி | கரூர் | திண்டுக்கல் | ஈரோடு | மதுரை |
|---|---|---|---|---|---|
| திருச்சி | 2 | 1 | 1 | 1 | 1 |
| கரூர் | 1 | 3 | 1 | 0 | 1 |
| திண்டுக்கல் | 1 | 1 | 3 | 1 | 0 |
| ஈரோடு | 1 | 0 | 1 | 1 | 0 |
| மதுரை | 1 | 1 | 0 | 0 | 1 |

இதிலுள்ள ஒவ்வொரு எண்ணும், நிரையில் உள்ள ஊரிலிருந்து நிரலில் உள்ள ஊருக்குச் சரியாக இரண்டு அடியில் போகும் நடைகளின் எண்ணிக்கை. திருச்சி நிரையில் மதுரைக்கு நேராக 1 இருக்கிறது: திண்டுக்கல் வழியாக. ஈரோடு நிரையில் மதுரைக்கு நேராக 0: இரண்டு அடியில் எட்டாது. மூலைவிட்டத்தில் கரூருக்கு 3 வந்திருப்பது ஏன்? கரூரிலிருந்து மூன்று அண்டை ஊர்களில் எதற்காவது போய்த் திரும்பி வரலாம் அல்லவா, அந்த மூன்று.

## பெருக்கினால் ஏன் எண்ணிக்கை வருகிறது

அணிப் பெருக்கல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டு என்ற விதியை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அபூர்வம் என்று நினைக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு இரண்டு அடியில் போக வேண்டும். நடுவில் ஓர் ஊர் வேண்டும். ஒவ்வோர் ஊரையும் வரிசையாக அழைத்து இரண்டு கேள்வி கேட்கலாம்: ஈரோட்டிலிருந்து உன்னிடம் வர முடியுமா? உன்னிடமிருந்து திண்டுக்கல் போக முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் 1×1 = 1. ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்றால் பெருக்கல் 0 ஆகிவிடும். எல்லா ஊர்களின் விடையையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை. ஈரோடு நிரையை எடுத்து, திண்டுக்கல் நிரலோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டுகிறோம். பாடப் புத்தக விதி அப்படியே வந்து நிற்கிறது.

மூன்று அடிக்கும் இதே வாதம்தான். முதல் அடியில் ஓர் ஊருக்குப் போய், அங்கிருந்து மிச்ச இரண்டு அடியை எத்தனை விதமாக வைக்கலாம் என்பது அ²-இல் ஏற்கெனவே இருக்கிறது. கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு மூன்று அடி நடைகளை எண்ணுவோம். கரூரின் அண்டை ஊர்கள் மூன்று. அவற்றிலிருந்து திண்டுக்கல்லுக்கு இரண்டு அடியில்:

1. திருச்சியிலிருந்து 1
2. திண்டுக்கல்லிலிருந்தே திண்டுக்கல்லுக்கு 3
3. ஈரோட்டிலிருந்து 1

கூட்டினால் 5. அ³-இல் கரூர் நிரை, திண்டுக்கல் நிரலில் இருக்கும் எண் அதுதான். பொதுவாக, அ-வை எத்தனை முறை பெருக்குகிறோமோ அத்தனை அடி நடைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. அ, அ², அ³ என்று போகும்போது, குறிப்பிட்ட இரண்டு ஊருக்கு நேராக எந்த அடுக்கில் முதன்முதலாக 0 அல்லாத எண் வருகிறதோ, அதுவே அவற்றுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த அடிகளின் எண்ணிக்கை. ஈரோடு–மதுரைக்கு அது மூன்று.

வேகத்துக்கும் ஒரு வசதி. அ⁶⁴ வேண்டுமென்றால் 63 முறை பெருக்க வேண்டாம். அ²-ஐ வர்க்கமாக்கினால் அ⁴, அதை வர்க்கமாக்கினால் அ⁸. ஆறே பெருக்கலில் 64 வந்துவிடும். ஆயிரமாவது அடுக்குக்கும் 14 பெருக்கல் போதும்.

## நடை வேறு, பாதை வேறு

சரி, அந்த ஐந்து வழிக்கு வருவோம். ஈரோட்டிலிருந்து எங்கே போனாலும் முதல் அடி கரூர்தான். மதுரைக்கு எப்படி வந்தாலும் கடைசி அடி திண்டுக்கல்லிலிருந்துதான். ஆகவே ஐந்து அடி நடை என்றால், நடுவில் கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு மூன்று அடி. அதைத்தான் மேலே 5 என்று எண்ணினோம். பெயர் சொல்லியே எழுதிவிடலாம்:

1. கரூர் – திருச்சி – கரூர் – திண்டுக்கல்
2. கரூர் – ஈரோடு – கரூர் – திண்டுக்கல்
3. கரூர் – திண்டுக்கல் – கரூர் – திண்டுக்கல்
4. கரூர் – திண்டுக்கல் – திருச்சி – திண்டுக்கல்
5. கரூர் – திண்டுக்கல் – மதுரை – திண்டுக்கல்

ஐந்திலும் போன ஊருக்கே திரும்பி வருகிறோம். கடைசியில் உள்ளதைப் பாருங்கள்: மதுரைக்கு வந்தவர் இறங்காமல் திண்டுக்கல் போய்விட்டு மறுபடி மதுரை வருகிறார். பயணிக்கு இவை எதுவும் வழியே இல்லை. அணிக்கோ ஐந்தும் முறையான நடைகள். அது எண்ணுவது நடைகளை மட்டும்தான், ஏனென்றால் பெருக்கலுக்கு நினைவு கிடையாது. ஒவ்வோர் அடியிலும் 'இப்போது எங்கே இருக்கிறேன்' என்பது மட்டுமே அதற்குத் தெரியும், 'இதுவரை எங்கெல்லாம் போனேன்' என்பது தெரியாது.

அப்படியென்றால் பாதைகளை மட்டும் எண்ண வேறு சூத்திரம் இருக்கிறதா? கணினி அறிவியலாளர் லெஸ்லி வாலியண்ட் 1979-இல் காட்டியது இதுதான்: இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள பாதைகளை எண்ணுவது, எண்ணும் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது. எல்லாக் கோட்டுருக்களுக்கும் பொருந்தும் வேகமான முறை இன்றுவரை யாரிடமும் இல்லை. நினைவில்லாத நடையை எண்ணுவது சுலபம். நினைவு வைக்கச் சொன்ன மாத்திரத்தில் கணக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

கையில் இருக்கும் போனிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் ஒன்பது புள்ளியை இழுத்துத் திறக்கும் பேட்டர்ன் லாக். குறைந்தது நான்கு புள்ளி தொட வேண்டும், தொட்ட புள்ளியை மறுபடி எண்ணாது, நடுவில் தொடாத புள்ளி இருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. இது பாதைக் கணக்கு. அண்டை அணி இதற்கு உதவாது. கணினியைக் கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். மொத்தம் 3,89,112. ஆனால் நான்கு புள்ளியோடு நிறுத்திக்கொண்டால் வெறும் 1,624தான். நான்கு இலக்க எண் பூட்டுக்கே 10,000 வாய்ப்பு உண்டு என்பதை நினைத்துக்கொண்டால், சின்னக் கோலம் போட்டுப் பூட்டுவது எவ்வளவு பலவீனம் என்பது தெரியும். எட்டுப் புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் எண்ணிக்கை ஒன்றே: 1,40,704. எட்டு முடிந்தபின் மிச்சம் ஒரே புள்ளி, நடுவில் மறிக்கத் தொடாத புள்ளி எதுவும் இல்லை. எனவே ஒவ்வோர் எட்டும் ஒரே விதமாகத்தான் ஒன்பதாகும்.

ஒரு வகைக் கோட்டுருவில் மட்டும் நடையும் பாதையும் ஒன்றாகிவிடும்: எல்லா விளிம்பும் ஒருவழியாக இருந்து, எங்கும் சுற்றி வர முடியாவிட்டால். ஆற்று நீர் அப்படி. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. காவிரியாகவே தொடரும் நீர் கல்லணைக்குப் போய், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்கு இரண்டு வழி: நேராக ஒன்று, கல்லணை சுற்றி ஒன்று. தண்ணீர் மேட்டுக்குத் திரும்பாது என்பதால் அணி சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பலாம். எது முடிந்தபின் எதைத் தொடங்கலாம் என்கிற வேலைத் திட்டங்களும் இந்த வகைதான்.

## திரும்பி வருவதே தேவையாக இருக்கும் இடம்: சிடி

நடைகளை எண்ணுவதை ஒரு குறையாகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது காம்பாக்ட் டிஸ்க்கை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் சந்தைக்கு வந்த அந்தத் தட்டில், ஒரு பைட்டுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்ற முடிவுக்குப் பின்னால் இருப்பது சுத்தமான நடைக் கணக்கு.

தட்டின் மேல் சுருளாக ஓடும் தடத்தில் குழிகளும் அவற்றுக்கு இடையே சமதளமும் இருக்கும். தடத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் குழியின் விளிம்பு வந்தால் அது 1. விளிம்பு இல்லாவிட்டால், குழிக்குள் இருந்தாலும் சமதளத்தில் இருந்தாலும், 0. மிகச் சிறிய குழியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லேசர் புள்ளிக்கும் ஓர் அளவு இருக்கிறது. இரண்டு விளிம்புகள் ரொம்ப நெருங்கினால் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் இரண்டு விதிகள் வைத்தார்கள்:

1. இரண்டு 1-களுக்கு நடுவே குறைந்தது இரண்டு 0 இருக்க வேண்டும்.
2. பத்துக்கு மேல் 0 தொடர்ந்து வரக் கூடாது. விளிம்பே வராமல் நீண்டுவிட்டால் பிளேயரின் கடிகாரம் தாளம் தப்பிவிடும்.

ஒரு பைட் என்பது 8 பிட், அதாவது 256 மதிப்புகள். விதிக்கு உட்பட்ட 256 வெவ்வேறு கட்ட வரிசைகள் கிடைக்க எத்தனை கட்டம் வேண்டும்?

முதல் விதியை மூன்று முனைக் கோட்டுருவாக எழுதலாம். முதல் முனை, 'இப்போதுதான் 1 எழுதினேன்'. இரண்டாவது, 'அதற்குப் பின் ஒரு 0 எழுதியாயிற்று'. மூன்றாவது, 'இரண்டோ அதற்கு மேலோ 0 ஆயிற்று, இனி எதையும் எழுதலாம்'. முதல் முனையிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் மட்டுமே போகலாம், 0 எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றாவதிலிருந்து 0 எழுதி அங்கேயே இருக்கலாம், அல்லது 1 எழுதி முதல் முனைக்குப் போகலாம். அண்டை அணி இவ்வளவுதான்:

| | முதல் | இரண்டாம் | மூன்றாம் |
|---|---|---|---|
| முதல் | 0 | 1 | 0 |
| இரண்டாம் | 0 | 0 | 1 |
| மூன்றாம் | 1 | 0 | 1 |

மூன்றாம் முனையில் தொடங்கும் ஒவ்வொரு நடையும் விதிக்கு உட்பட்ட ஒரு கட்ட வரிசை. ஒரே முனைக்குத் திரும்பத் திரும்ப வருவது இங்கே இயல்பு, வராமல் தகவலே எழுத முடியாது. ஓர் அடி, இரண்டு அடி என்று எண்ணிக்கொண்டே போனால் கிடைப்பவை:

2, 3, 4, 6, 9, 13, 19, 28, 41, 60, 88, 129, 189, 277

ஒவ்வோர் எண்ணும் அதற்கு முந்தையதையும் மூன்று இடம் முந்தையதையும் கூட்டியது: 189 + 88 = 277. பன்னிரண்டு கட்டத்தில் 129, பதின்மூன்றில் 189, இரண்டுமே போதாது. பதினான்கில் 277. ஆகப் பதினான்குதான் முதல் வாய்ப்பு. ஆனால் இரண்டாவது விதி பாக்கி இருக்கிறது. 277-இல் பதினொன்றோ அதற்கு மேலோ 0 தொடரும் வரிசைகளைக் கழிக்க வேண்டும்:

1. 1 என்பதே இல்லாத வரிசை: 1
2. ஒரே ஒரு 1 இருந்து, அது முதல் மூன்று அல்லது கடைசி மூன்று கட்டங்களில் வருபவை: 6
3. இரண்டு 1 இருந்து, நடுவே 11 அல்லது 12 பூஜ்யங்கள் வருபவை: 3

பத்து போக மிச்சம் 267. தேவை 256. கை நிறையக் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த பதினொன்றில் இரண்டை, ஒரு தகவல் தொகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஒத்திசைவுக் குறியாகவும் வைத்துக்கொண்டார்கள். எட்டு பிட்டைப் பதினான்கு கட்டமாக்கும் இந்தக் குறிமுறையை வடிவமைத்தவர் பிலிப்ஸ் பொறியாளர் கேஸ் இம்மிங்க். ஒரு பதினான்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விதி மீறாமலிருக்க மூன்று இணைப்புக் கட்டங்கள் வேறு, ஆகப் பைட்டுக்குப் பதினேழு. பின்னால் வந்த டிவிடியில் இதைப் பதினாறாகக் குறைத்தார்கள்.

இதைவிடக் குறைத்திருக்க முடியுமா? அதற்கும் அதே அணி பதில் சொல்கிறது. 277-ஐ 189-ஆல் வகுத்தால் 1.4656. கட்டம் கூடக் கூட இந்த விகிதம் மாறாமல் நிலைத்துவிடும். அந்த எண்ணுக்கு அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் வாய்ப்பு 1.4656 மடங்கு பெருகுகிறது என்றால், இரண்டை அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கை, அதாவது சுமார் 0.55 பிட், ஒரு கட்டம் சுமக்கக்கூடிய அதிகபட்சத் தகவல். கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் நிறுவிய முடிவு இது. எவ்வளவு பெரிய மேதை வந்தாலும், முதல் விதியை வைத்துக்கொண்டு அந்த 0.55-ஐத் தாண்ட முடியாது. சிடியின் 8/17 என்பது 0.47, டிவிடியின் 8/16 என்பது 0.50. எவ்வளவு இடம் பாக்கி என்பதைக் கட்டும் முன்பே சொல்லிவிடுகிற கணக்கு இது.

இதே கணக்கின் மூத்த சகோதரியைத் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டல். சமஸ்கிருத யாப்பில் லகு, குரு என்று இதே எண்ணிக்கையை விரஹாங்கரும், 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் எழுதி வைத்தார்கள். ஃபிபனாச்சியின் பெயரால் உலகம் அறிந்த வரிசை. யாப்பில் நெடில் இரண்டு இடம் பிடிக்கிறது, சிடியில் ஒரு 1 தன் இரண்டு 0-ஐயும் சேர்த்து மூன்று இடம் பிடிக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

## நண்பர்கள், முக்கோணங்கள், செல்வாக்கு

சமூக வலைத்தளம் 'இவரைத் தெரியுமா?' என்று கேட்பதற்கு அடிப்படை அ². அதில் உங்கள் நிரையில் ஒருவருக்கு நேராக 12 இருந்தால், இருவருக்கும் பொதுவான நண்பர்கள் 12 பேர். வேறு எதுவும் தெரியாமலே இது ஒரு நல்ல ஊகம்.

அ³-இன் மூலைவிட்டம், கிளம்பிய இடத்துக்கே மூன்று அடியில் திரும்பும் நடைகளைச் சொல்லும். நம் ரயில் வரைபடத்தில் திருச்சி, கரூர், திண்டுக்கல் மூன்றுக்கும் தலா 2, மற்ற இரண்டுக்கும் 0. கூட்டினால் 6. ஒரு முக்கோணத்தை மூன்று முனைகளில் எதிலிருந்தும், இரண்டு திசைகளிலும் சுற்றலாம் என்பதால் ஆறால் வகுக்க வேண்டும். விடை, ஒரு முக்கோணம். என் நண்பனின் நண்பன் எனக்கும் நண்பனா என்பதன் அளவு இது. ஒரு வகுப்பறையிலோ ஊரிலோ உறவுகள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பதை இப்படித்தான் அளக்கிறார்கள். லூஸ், பெரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1949-லேயே குழுக்களின் அமைப்பை அணியின் அடுக்குகளால் ஆராய்ந்திருக்கிறார்கள்.

1953-இல் புள்ளியியலாளர் லியோ காட்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒருவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று மட்டும் பார்க்காமல், அவரை வந்தடையும் எல்லா நடைகளையும் எண்ணினார். நீளம் கூடும் ஒவ்வோர் அடிக்கும் மதிப்பைக் குறைத்தார்: நேரடித் தொடர்புக்கு 0.1 என்றால், இரண்டு அடிக்கு 0.01, மூன்று அடிக்கு 0.001. நீண்ட நடைகளின் எண்ணிக்கை பெருகும் வேகத்தை இந்தக் குறைப்பு வென்றாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டுத்தொகைக்கு முடிவே இருக்காது. அந்த எல்லையை முடிவு செய்வதும் முன்பு பார்த்த அதே ஐகன் மதிப்புதான். வதந்தியோ செல்வாக்கோ போன வீட்டுக்கே திரும்பி வருவது உண்மையில் நடப்பதுதான் என்பதால், இங்கே நடையை எண்ணுவதே சரி.

## ஒரு ரூபாய் மின்சாரத்துக்குள் எவ்வளவு நிலக்கரி?

அணியில் 1, 0-க்குப் பதில் அளவுகளை வைத்தால் பொருளாதாரம் உள்ளே வருகிறது. பொருளாதார அறிஞர் வாஸிலி லியோன்டீஃபுக்கு 1973-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, ஒரு துறைக்கு இன்னொரு துறையின் பொருள் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் உள்ளீட்டு–வெளியீட்டு முறை இப்படிப்பட்டதுதான்.

விளக்கத்துக்காக எளிய எண்களை வைப்போம். ஒரு ரூபாய் மின்சாரம் தயாரிக்க 40 பைசா நிலக்கரி வேண்டும். ஒரு ரூபாய் நிலக்கரி வெட்ட 10 பைசா மின்சாரம் வேண்டும். அப்படியானால் வீட்டில் ஒரு ரூபாய் மின்சாரம் எரித்தால் மொத்தம் எவ்வளவு நிலக்கரி?

1. நேரடியாக 40 பைசா.
2. அந்த 40 பைசா நிலக்கரியை வெட்ட 4 பைசா மின்சாரம், அதற்கு இன்னும் 1.6 பைசா நிலக்கரி.
3. அதை வெட்ட மின்சாரம், அதற்கு மறுபடி 0.064 பைசா நிலக்கரி.

இப்படியே போய் 41.67 பைசா அளவில் நிற்கும். மின்சாரம்–நிலக்கரி–மின்சாரம்–நிலக்கரி என்று சுற்றும் ஒவ்வொரு நடையும் உண்மையான செலவு. திரும்பி வரும் நடைகளை விட்டுவிட்டால் கணக்கு தப்பு. எல்லா அடுக்குகளையும் தனித்தனியாகக் கூட்டவும் வேண்டாம்: அலகு அணியிலிருந்து (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0) இந்த அணியைக் கழித்து, நேர்மாறு (inverse) எடுத்தால் முடிவில்லாத கூட்டுத்தொகை ஒரே வீச்சில் வந்துவிடும். டீசல் விலை ஏறினால் எந்தப் பொருள் எவ்வளவு ஏறும் என்று மதிப்பிடுபவர்கள் கையாளும் கருவி இது.

## எண்ணிக்கையே எச்சரிக்கையாகும்போது

மென்பொருள் சோதனையில் இந்த நடை எண்ணிக்கை வேறு வேலை செய்கிறது. ஒரு சுழலுக்குள் (loop) ஐந்து கிளைகள், அந்தச் சுழல் 20 முறை ஓடும் என்றால், கணினி நிரல் ஓடக்கூடிய விதங்கள் 5-இன் இருபதாம் அடுக்கு, சுமார் 95 லட்சம் கோடி. ஒரு விதத்தை ஒரு மைக்ரோ வினாடியில் சோதித்தாலும் மூன்று வருடம் ஆகும். முழுச் சோதனை என்று யாராவது உறுதி கொடுத்தால், எதை முழுமையாகச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

## கணக்கில் இறங்கும் முன்

1. திரும்பி வருவது உங்கள் பிரச்சினையில் உண்மையாக நடப்பதா என்று முதலில் கேளுங்கள். நடக்கும் என்றால் அணியின் அடுக்கு சரியான கருவி. நடக்காது, ஆனால் விளிம்பெல்லாம் ஒருவழியாக இருந்து கோட்டுருவில் சுற்றே கிடையாது என்றாலும் சரி. நடக்காது, சுற்றும் உண்டு என்றால், சிறிய கோட்டுருவில் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பெரியதில் தோராயம்தான்.

2. ஒரே இடத்திலிருந்து தொடங்கும் நடைகள் மட்டும் போதும் என்றால் முழு அணியையும் பெருக்காதீர்கள். ஒரு நிரையை எடுத்து, அதை அணியால் திரும்பத் திரும்பப் பெருக்கினாலே போதும். சிடி கணக்குக்கு மூன்று எண்களைப் பதினான்கு முறை புதுப்பித்தால் 277 வந்துவிடும், காகிதத்திலேயே போடலாம்.

3. பெரிய வலைகளில் பெரும்பாலான உறுப்புகள் 0. இருக்கும் இணைப்புகளை மட்டும் பட்டியலாகச் சேமியுங்கள். ஆனால் அடுக்கு ஏற ஏற 0-கள் மறைந்து அணி நிரம்பிவிடும். இரண்டாவது குறிப்பு இங்கேதான் கை கொடுக்கும்.

4. எண்கள் மிக வேகமாக வளரும். மூன்றே முனை கொண்ட அந்தச் சிடி கோட்டுருவிலேயே சுமார் 114 கட்டங்களில் குறியுடைய 64 பிட் முழு எண் நிரம்பி வழிந்து, குறை எண்ணாகத் திரும்பி வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. நீளத்துக்கு வரம்பில்லாத முழு எண்ணைப் பயன்படுத்துங்கள். போக முடியுமா முடியாதா என்பது மட்டும் வேண்டுமென்றால் எண்ணவே வேண்டாம்: கூட்டலில் 1 + 1 = 1 என்று வைத்துக்கொண்டு அதே பெருக்கலைச் செய்தால், அணியில் 0-வும் 1-ம் தவிர வேறு எதுவும் வராது.